இழுத்துப் போட்டால் வெப்சைட் ஆகிவிடுமா?

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேற்கு மாம்பலம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கூடம் முழுக்க மாவடு. பெரிய ஜாடி இரண்டு, சின்ன ஜாடி நாலு, நடுவில் தாம்பாளத்தில் கடுகுப் பொடி, மஞ்சள் பொடி, கல் உப்பு. விளக்கெண்ணெய் படிந்த கையோடு ஜாடியைக் குலுக்கிக்கொண்டே சித்தி கேட்டாள்.

"ஏண்டா, வெப்சைட்டை நாமளே பண்ணிக்கலாமாமே? எழுத்து, படம் எல்லாத்தையும் இழுத்து இழுத்துப் போட்டா போறுமாம். எதிர் ஃபிளாட் பொண்ணு சொன்னா. நெஜமா?"

"நெஜம்தான் சித்தி. ஆனா உனக்கு வேணுமான்னு பாக்கணும்."

"வேணுமான்னு நான் பாத்துக்கறேன். முடியுமான்னு மட்டும் நீ சொல்லு."

சின்னக் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வெப்சைட் செய்துகொடுப்பதுதான் என் பிழைப்பு. 'முடியுமா' என்று யார் கேட்டாலும் இன்றைக்குப் பதில் 'முடியும்'தான். கம்ப்யூட்டர் கோடு (நிரல்) எழுதவே தெரியாதவர்கூட சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் சாயங்காலக் காபிக்குள் ஏதோ ஒரு தளம் எழுந்து நிற்கும். அதனாலேயே அந்தக் கேள்வியை வைத்து முடிவெடுக்க முடிவதில்லை. நான் திருப்பிக் கேட்பது வேறு: அடுத்த வருடம் இதே நேரம் அந்தத் தளத்தில் யார் கை வைக்கப்போகிறார்கள், எதை மாற்றப்போகிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் எந்தச் செயலி என்பது முக்கால்வாசி தானே முடிவாகிவிடும்.

இந்தச் செயலிகளைப் பொதுவாக பில்டர் என்கிறார்கள். சென்னையில் பில்டர் என்றால் ஃபிளாட் கட்டுகிறவர். அவரிடம் கேட்கும் கேள்விகளில் பாதியை இங்கேயும் கேட்கலாம் என்பது தற்செயல்தான்: பத்திரம் யார் பேரில், மெயின்டனன்ஸ் எவ்வளவு, சுவரில் ஆணி அடிக்க விடுவீர்களா.

பழைய ஆசை

கோடு எழுதாமல், கண்ணால் பார்த்தபடியே பக்கம் செய்யும் ஆசை புதிதல்ல. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் பிரவுசரிலேயே பக்கத்தைப் படிக்கலாம், அங்கேயே திருத்தவும் செய்யலாம். 1995இல் வெர்மீர் டெக்னாலஜிஸ் என்ற சின்ன நிறுவனம் ஃபிரன்ட்பேஜ் என்ற செயலியைக் கொண்டுவந்தது. அடுத்த ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுவனத்தோடு சேர்த்து வாங்கிவிட்டது. 1997இல் மேக்ரோமீடியாவின் டிரீம்வீவர் வந்தது.

நான் 2001இல் கோடம்பாக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஃபிரன்ட்பேஜ் கற்றுக்கொண்டேன். வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து, மின்னும் 'நியூ' பட்டன், கீழே எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கவுண்டர். மாமாவின் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஒரு தளம் செய்து பெருமையாக ஏற்றினேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜோராக இருந்தது, சர்வரில் கவுண்டர் இருந்த இடத்தில் வெறும் கட்டம். அந்தக் கவுண்டர் ஓட வேண்டுமானால் தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் ஹோஸ்டிங் சர்வரிலும் ஃபிரன்ட்பேஜ் எக்ஸ்டென்ஷன் என்ற துணை மென்பொருள் இருக்க வேண்டுமாம். அது இல்லாத மலிவு ஹோஸ்டிங் நான் வாங்கியது. செயலி தருகிற வசதி அந்தச் செயலியின் வீட்டுக்குள் மட்டும்தான் வேலை செய்யும் என்பதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேலாகியும் இதில் பெரிதாக எதுவும் மாறவில்லை.

இன்றைக்குக் கையில் இருப்பவை

கூகுள் சைட்ஸ் இலவசம். வசதி குறைவு, கடை நடத்த முடியாது, ஆனால் சொந்த டொமைனை, அதாவது உங்கள் பெயரிலான தள முகவரியை, இணைக்கலாம். அடுக்குமாடி சங்கம், பள்ளிப் பழைய மாணவர் குழு, கோயில் கைங்கரிய சபை இவற்றுக்கு இதுவே தாராளம். இதற்குப் போய்ப் பணம் செலவழிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

விக்ஸ் 2006இல் இஸ்ரேலில் தொடங்கியது. பெரும்பாலானவர்கள் 'இழுத்துப் போடுவது' என்று மனதில் நினைப்பது இதைத்தான். படத்தை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். அந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு: கம்ப்யூட்டர் திரையில் நீங்கள் அழகாக ஒட்டி வைத்தது போன் திரையில் அப்படியே வராது. போன் தோற்றத்தைத் தனியாகத் திறந்து, ஒவ்வொன்றாகச் சரி பார்க்க வேண்டும். ஸ்கொயர்ஸ்பேஸ் இன்னும் கட்டுப்பாடானது. அங்கே அசிங்கமான தளம் செய்யக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்; ஓவியர், போட்டோகிராஃபர், பரதநாட்டிய ஆசிரியை போன்றவர்களுக்குப் பொருந்தும். வெப்ஃபுளோ பார்க்க பில்டர் மாதிரிதான் இருக்கும். உள்ளே போனால் பாக்ஸ், கிளாஸ், ஃபிளெக்ஸ் என்று, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியின் பாடமே நடக்கும். டிசைன் தொழிலில் இருக்கிறவருக்கு அது அருமையான கருவி, சித்திக்குத் தலைவலி.

நம்ம ஊர் ஜோஹோவிலும் சைட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே ஜோஹோவில் மெயில், கணக்கு எல்லாம் வைத்திருப்பவர் முதலில் அதைத் திறந்து பார்ப்பது நல்லது. படிவத்தில் வாடிக்கையாளர் எழுதுவதை அவர்களுடைய மற்ற செயலிகளுக்கே அனுப்பலாம்; அது ஒரு சௌகரியம்.

இவற்றுக்கு நடுவில் நிற்பது வேர்ட்பிரஸ். 2003இலிருந்து இருக்கிறது, உலகத்து வெப்சைட்டுகளில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங்கை நீங்கள் வாங்க வேண்டும். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து அதிலேயே கட்டம் கட்டமாக அடுக்கும் எடிட்டர் உண்டு. போதாதென்றால் 2016இல் வந்த எலிமென்டார் மாதிரி ஒரு பில்டரை அதன் மேல் ஏற்றலாம். அதாவது 'பில்டரா, வேர்ட்பிரஸ்ஸா' என்று கேட்பதே இப்போது அவ்வளவு சரியில்லை. வேர்ட்பிரஸ்ஸுக்குள்ளேயே பில்டர் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் ஒன்றுமே வேண்டாம் என்பதும் ஒரு வழி. இதைச் சொன்னால் என் பிழைப்புக்குக் கெடுதி, ஆனாலும் சொல்கிறேன். இஸ்திரி வண்டிக்கும் தையல் கடைக்கும் கூகுள் மேப்பில் சரியான இடம், திறக்கும் நேரம், நாலு நல்ல போட்டோ, ஒரு போன் நம்பர் இருந்தால் போதும். 'அண்ணா, எல்லாரும் வெப்சைட் வெச்சிருக்காங்க' என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியாதவர்களைப் பலமுறை காபி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எண்பது பக்கம் செய்த தோழர்

ராயப்பேட்டையில் சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்தும் நண்பர் இருக்கிறார். கவிதை, மொழிபெயர்ப்பு, கொஞ்சம் வரலாறு. மொத்தம் இருநூற்றுச் சொச்சம் தலைப்புகள். யாரிடமும் கேட்காமல் ஒரு பில்டரில் பணம் கட்டி, தானே உட்கார்ந்துவிட்டார். முதல் புத்தகத்துக்கு ஒரு பக்கம்: அட்டைப்படம் இடதுபக்கம், பெயர், ஆசிரியர், விலை, பின்னட்டைக் குறிப்பு, கீழே 'வாங்க' பட்டன். நன்றாக வந்தது. அதை நகல் எடுத்து அடுத்த புத்தகம். அதை நகல் எடுத்து அடுத்தது. மூன்று வாரத்தில் எண்பது பக்கம்.

அப்புறம் பேப்பர் விலை ஏறியது, புத்தக விலையையும் ஏற்றினார். எண்பது பக்கத்தைத் திறந்து எண்பது இடத்தில் எண்ணை மாற்றினார். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி. அங்கே 10 சதவீதத் தள்ளுபடி வழக்கம். ஆன்லைனிலும் அதே தள்ளுபடி கொடுக்கலாமே என்று நினைத்தார். மறுபடி எண்பது பக்கம். காட்சி முடிந்ததும் பழைய விலைக்குத் திருப்ப, மறுபடி எண்பது. அதற்குள் அலுவலக நம்பர் மாறியிருந்தது. அதையும் ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாகத் தட்டியிருந்தார். எனக்கு போன் செய்தபோது குரலே கம்மிவிட்டது. "தோழர், இது என்ன கம்ப்யூட்டரா, அச்செழுத்துக் கோக்கற கம்போசிங் ஸ்டிக்கா?"

தவறு செயலியுடையது என்று முழுக்கச் சொல்ல முடியாது. விக்ஸிலும் வெப்ஃபுளோவிலும் இதற்கென்றே தரவுப் பட்டியல் வசதி உண்டு: புத்தக விவரங்களை ஓர் அட்டவணையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு பக்கத்தை அச்சுப்போல வடிவமைத்தால், மீதியெல்லாம் அந்த அச்சில் வார்த்துக்கொள்ளும். விளம்பரத்தில் காட்டுவது அந்த வசதியை அல்ல, இழுத்துப் போடுவதைத்தான். அதனால் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நான் அவருக்கு வேர்ட்பிரஸ்ஸும் அதன் மேல் கடை நடத்த உதவும் ஊகாமர்ஸும்தான் சொல்லியிருப்பேன். கடைசியில் அப்படியே மாற்றியும் கொடுத்தேன். ஊகாமர்ஸில் எல்லாப் புத்தகத்தையும் எக்செல்லில் திறக்கும் கோப்பாக இறக்கி, விலைப் பத்தியைத் திருத்தி, திரும்ப ஏற்றலாம். அவருடைய விற்பனைக் கணக்கு ஏற்கெனவே எக்செல்லில்தான் இருந்தது. ரேஸர்பே மாதிரியான கட்டண வாயிலை இணைக்க பிளக்-இன் (மேலே ஏற்றும் துணைச் செயலி) உண்டு, யுபிஐயில் பணம் வந்துவிடும்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட சோதனை ஒன்று. உங்கள் தளத்தில் வரப்போகும் விஷயத்தை முதலில் ஒரு எக்செல் தாளில் எழுதிப் பாருங்கள். வரிசையாக, பத்தி பத்தியாக, அழகாக உட்கார்ந்தால் (புத்தகம், புடவை, வாடகைக்கு வீடு, டாக்டர்கள் பட்டியல்) அதைப் பக்கம் பக்கமாக இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள். தாளில் உட்காரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் (நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள், வீட்டுக்கு எப்படி வருவது, நாலைந்து படம்) பில்டர் உங்களுக்கானதுதான். முப்பது வரிக்குக் கீழே இருந்தால் எதுவானாலும் சமாளிக்கலாம்.

தமிழைப் போட்டுப் பார்த்தீர்களா?

பில்டர்களை ஒப்பிடும் கட்டுரைகளில் இந்த விஷயம் வருவதேயில்லை, எழுதுகிறவர்களுக்குத் தமிழ் தேவைப்படாததால். நமக்கு இதுதான் முதல் விஷயம்.

பில்டர்கள் தரும் தயார் வடிவங்களான டெம்ப்ளேட்டுகள் எல்லாம் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தவை. மேலே மெனுவில் 'ஹோம்', 'அபௌட்', 'கான்டாக்ட்' என்று ஆங்கிலத்தில் மூன்று சின்னச் சொல் இருக்கும். அங்கே 'முகப்பு', 'எங்களைப் பற்றி', 'தொடர்பு கொள்ள' என்று போட்டவுடன் மெனு இரண்டு வரியாக உடைந்து படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பட்டனுக்குள் 'இப்போதே ஆர்டர் செய்யுங்கள்' அடங்காது. தலைப்பு எழுத்தை ஜோராகக் காட்டும் ஃபான்டில் தமிழே இருக்காது. போன் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஆங்கிலம் நாகரிகமாகவும் தமிழ் ரேஷன் கார்டு மாதிரியும் தெரிவது இதனால்தான். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் என்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே இருக்கின்றன. நீங்கள் பார்க்கும் பில்டர் அவற்றைத் தேர்ந்தெடுக்க விடுகிறதா, அல்லது வேறு ஃபான்டை ஏற்றவாவது விடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வரி இடைவெளி. நமக்குக் கொம்பும் சுழியும் மேலேயும் போகும், கீழேயும் போகும். ஆங்கிலத் தலைப்புக்கு வைத்த நெருக்கமான இடைவெளியில் மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'ழீ'யும் முட்டிக்கொள்ளும். சில இடத்தில் தலை வெட்டுப்பட்டு 'தீ' என்பது 'த' மாதிரித் தெரியும். இடைவெளியை எழுத்தளவைப் போல 1.6 மடங்குக்கு ஏற்றினால் மூச்சு விடும். இதை மாற்றும் இடம் சில பில்டர்களில் மேலேயே இருக்கும், சிலவற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் பணம் கட்டுவதற்கு முன்பு எப்போதும் ஒரே வரியைத் தட்டிப் பார்க்கிறேன்: 'ஸ்ரீ ரங்கூன் மளிகை, கூழ் வடகம், புளிக்காய்ச்சல், நெல்லிக்காய்த் தொக்கு, பக்ஷணம்.' தலைப்பு, பட்டன், மெனு மூன்றிலும் இந்த வரி உடையாமல் நின்றால் அந்த டெம்ப்ளேட்டை நம்பலாம்.

பழைய எழுத்துருப் பிரச்சினை வேறு. அந்தப் பதிப்பகத் தோழர் பின்னட்டைக் குறிப்புகளைப் அச்சுக்குப் பக்கம் அமைக்கும் பழைய பேஜ்மேக்கர் செயலியின் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினார். அச்சகத்தில் தமிழாகத் தெரிந்தது பில்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டியது. 'வைரஸ் வந்துடுச்சு தோழர்' என்றார். வைரஸ் இல்லை, அது யூனிகோடுக்கு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், அதன் மேல் தமிழ் முகமூடி. பாமினி முதலான அந்தக் கால எழுத்துருக்களில் தட்டிய எதையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே வலையில் போட வேண்டும். சென்னையிலேயே உருவான என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள். ஒற்றும் துணைக்காலும் அங்கங்கே தொலைந்திருக்கும்.

இன்னொரு சின்னத் தொல்லை. பக்கத்துக்குத் தமிழில் தலைப்பு வைத்தால் சில செயலிகள் முகவரியையும் தமிழிலேயே அமைத்துவிடும். பார்க்க அழகு. வாட்ஸ்அப்பில் நகல் எடுத்து அனுப்பினால் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டாகப் பிரிந்து, சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக ஒன்பது ஒன்பது எழுத்தாக நீளும். 'மாவடு' என்ற சொல்லில் ம, துணைக்கால், வ, ட, உகரக்குறி என்று ஐந்து குறியீடு. நாற்பத்தைந்து எழுத்து ஆகிவிடும். பார்க்கிறவர் மோசடி லிங்க் என்று நினைத்துத் தொடவே மாட்டார். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மொழியில் தளம் வேண்டுமானால் ஆரம்பத்திலேயே முடிவு செய்ய வேண்டும். விக்ஸில் பன்மொழி வசதி உண்டு, வேர்ட்பிரஸ்ஸில் பாலிலாங் மாதிரி பிளக்-இன் உண்டு. முதலில் தமிழில் கட்டிவிட்டு அப்புறம் ஆங்கிலம் சேர்க்கலாம் என்று விட்டால் பாதிப் பக்கம் மொழிபெயர்ப்பில்லாமலே நிற்கும்.

போனில் திறக்கும் நேரம்

பில்டரில் செய்த தளம் கனமாக இருக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான், வெற்றுப் பக்கத்திலேயே அவர்களுடைய ஸ்கிரிப்ட் மூட்டை ஏறியிருக்கும், அதை உங்களால் இறக்க முடியாது. கையால் எழுதிய எச்டிஎம்எல் பக்கத்தோடு போட்டி போட முடியாது. ஆனால் சின்னத் தளங்களில் நான் பார்த்த தாமதத்துக்கு முக்கால்வாசிக் காரணம் அது அல்ல, போனில் எடுத்த போட்டோவை அப்படியே ஏற்றுவது. ஒரு ஊறுகாய் ஜாடிப் படம் நாலு எம்பி. பத்து ஜாடி என்றால் நாற்பது. படத்தைச் சுருக்கி இருநூறு கேபிக்குள் கொண்டுவந்தாலே பாதி வியாதி தீரும். பக்கத்தின் பெரிய அம்சம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்தால் இலவசமாக அளந்து சொல்லும். வாங்கப்போகும் பில்டரின் மாதிரித் தளம் ஒன்றை அதில் போட்டுப் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நான் அதைவிட நம்புவது, மாம்பலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் சாயங்காலம் ஆறரைக்கு என் போனில் திறந்து பார்ப்பதை.

வெளியே வரும் வழி

உள்ளே போவது எல்லாவற்றிலும் சுலபம். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறு சர்வரில் வைக்க முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸில் கட்டுரைகள், பக்கங்கள் சிலவற்றை வேர்ட்பிரஸ்ஸுக்கான கோப்பாக இறக்கலாம், வடிவமைப்பு வராது. வெப்ஃபுளோவில் பணம் கட்டும் திட்டங்களில் தளத்தின் கோடு கோப்புகளை இறக்கலாம், ஆனால் தரவுப் பட்டியலும் படிவமும் அங்கேயே நின்றுவிடும். வேர்ட்பிரஸ்ஸில் எலிமென்டாரைக் கழற்றினால் எழுத்தும் படமும் மிஞ்சும், அலங்காரம் போய்விடும். அதிகம் வெளியே வருவது வேர்ட்பிரஸ், மிகக் குறைவாக வருவது விக்ஸ், மற்றவை நடுவில்.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல. ஐந்து பக்கத் தளம் என்றால் வெளியே வரும் வழி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேறிடத்தில் மறுபடி செய்துவிடலாம். ஐநூறு கட்டுரை இருந்தால்தான் அது சிறை. நிறுவனமே கடையைக் கட்டுவதும் நடக்கும். ஜியோசிட்டிஸ் 2009இல் மூடப்பட்டது. கோடே வேண்டாம் என்று விற்ற அடோபி மியூஸை 2018இல் இனி வளர்ப்பதில்லை என்று அறிவித்தார்கள். கூகுள் பிசினஸ் கணக்கோடு இலவசமாகக் கிடைத்த ஒருபக்கத் தளங்கள் 2024 மார்ச்சில் அணைக்கப்பட்டன. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்திருந்தவர்களுக்குப் புதுக் கார்டுதான் வழி.

எனவே எழுத்தையும் படத்தையும் பில்டருக்குள் மட்டும் வைத்திருக்காதீர்கள். ஒரு வேர்ட் கோப்பு, ஒரு படக் கோப்புறை, உங்கள் கம்ப்யூட்டரில். டொமைனை எப்போதும் தனியாக, உங்கள் பேரில், உங்கள் ஈமெயிலில் வாங்குங்கள். அடையாறில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு ஒரு கம்பெனி தளம் செய்துகொடுத்தது. டொமைன் அந்தக் கம்பெனி பேரில். இரண்டு வருடம் கழித்து அவர்கள் போனை எடுக்கவில்லை, டொமைனின் காலம் முடிந்துவிட்டது. காம் டொமைனில் காலம் முடிந்து பெயர் நீக்கப்பட்டபின் மீட்க 30 நாள் அவகாசம் ஒன்று உண்டு, அபராதத்தோடு. ஆனால் மீட்கக் கேட்க வேண்டியவர் பதிவு செய்தவர். டாக்டரம்மாவுக்கு அந்த உரிமையே இல்லை. நோயாளிகள் கையில் இருந்த ஈமெயில் முகவரியும் அதோடு போனது. 'ஆள் வைத்துச் செய்வது' என்ற வழியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் டிசைனைப் பார்ப்பதற்கு முன்பு இதைத்தான் பார்க்க வேண்டும்.

பணக் கணக்கு சுருக்கமாக. பில்டர் என்பது வருடா வருடம் கட்டும் சந்தா. நிறுத்தினால் தளமும் நிற்கும். பல நிறுவனங்கள் முதல் வருடத்துக்குக் காட்டும் விலை ஒன்று, புதுப்பிக்கும்போது வேறு. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனமானால் கார்டிலிருந்து தானாகப் பிடிப்பது நடக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அப்படிப் பிடிப்பதற்கு முன்பதிவு வேண்டும், 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும், 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். சத்தமில்லாமல் தவறிப்போகும். காலண்டரில் தேதியைக் குறித்துவிடுங்கள்.

வேர்ட்பிரஸ்ஸில் சந்தா குறைவு, ஆனால் அப்டேட் என்று ஒன்று இருக்கிறது. பிளக்-இன்களை மாதம் ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். விட்டால் ஹேக் ஆகும், சில சமயம் புதுப்பித்தாலே தளம் வெள்ளைத் திரையாக நிற்கும். 'அதை யார் செய்வார்' என்ற கேள்விக்கு வீட்டில் ஒரு பெயர் வராவிட்டால் வேர்ட்பிரஸ் பக்கம் போக வேண்டாம். பில்டரில் அந்தத் தலைவலி அவர்களுடையது. சந்தாவுக்கு உண்மையில் கிடைப்பது அதுதான், இழுத்துப் போடும் வசதி கொசுறு.

ஏஐ செய்துகொடுக்கும் தளம் பற்றியும் கேட்கிறார்கள். நாலு வரி சொன்னால் தளம் வந்துவிடுகிறது, சரி. அதில் உள்ள வாசகம் 'தரமே எங்கள் தாரக மந்திரம்' வகையில் இருக்கும். எல்லாவற்றையும் எப்படியும் நீங்கள் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும் இடத்தில் மறுபடி அதே பில்டர்தான் இருக்கிறது.

சித்தி விஷயத்துக்கு வருகிறேன். எக்செல் சோதனையில் பதினாறு வரி. கை வைக்கப்போவது சித்தி, போனில், சமையலறையில் நின்றுகொண்டு. மாற்றப்போவது என்ன இருக்கிறது, என்ன தீர்ந்துவிட்டது என்பது மட்டும். ஆர்டர் வாட்ஸ்அப்பில், பணம் ஜிபேயில்; கூடை, கட்டண வாயில் எதுவும் தேவையில்லை. வேர்ட்பிரஸ்ஸை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பில்டரில், ஒரே பக்கமாக, மேலே ஜாடிப் படம், நடுவில் பட்டியல், கீழே வாட்ஸ்அப் பட்டன், அதற்கும் கீழே உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண். டொமைன் சித்தி பேரில். எதிர் ஃபிளாட் பொண்ணு படங்களைச் சுருக்கிக் கொடுத்தாள். பட்டியலைத் திருத்துவது எப்படி என்று நான் இரண்டு முறை காட்டினேன். மூன்றாவது முறை காட்டப்போனபோது போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு நாள் சும்மா திறந்து பார்த்தேன். நான் வைத்திருந்த 'இருப்பில் இல்லை' என்ற சொல்லை எடுத்துவிட்டிருந்தாள். அந்த இடத்தில் இருந்தது: 'மாவடு ஆயிடுத்து. அடுத்த பங்குனிக்குச் சொல்லி வெச்சுக்கோங்கோ. நார்த்தங்காய் இருக்கு.'